ஒரு சிட்டிகைச் செம்பு

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் இருக்கும் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினேழு வருடமாகத் தீவனம் கலக்குகிறேன். சம்பளச் சீட்டில் மேலாளர் என்று போட்டிருக்கும். ஆனால் பண்ணையில் எல்லோருக்கும் நான் 'மிக்சர் அண்ணன்'தான். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, நான் எங்கேயோ காராபூந்தி, ஓமப்பொடிக் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் தீபாவளிக்கு ஐந்து கிலோ சொல்லிவிட்டுக்கூடப் போனார்.

மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக் கல் எல்லாம் மூட்டை மூட்டையாகத் தொட்டிக்குள் போகும். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. கடைசியில் போகிற நுண்சத்துத் தூளை மட்டும் நானே எடை போட்டு, நானே கொண்டுபோய்க் கொட்டுவேன். ஜிங்க், மாங்கனீஸ், காப்பர், செலினியம் என்று வகைவகையாக இருந்தாலும், ஒரு டன் தீவனத்துக்கு அத்தனையும் சேர்த்து ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்னப் பையில் பிசகினால் முட்டை ஓடு மெலியும், இறகு உதிரும், நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழி நின்ற இடத்திலேயே சாயும். ஆயிரக்கணக்கான கோழிகளின் உடம்பு என் தராசுத் தட்டில் இருக்கிறது என்ற நினைப்பில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

எல்லாக் கோளாறும் ராசிபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. என் மனைவியின் தம்பி தன் மகளுக்குக் கல்யாணம் செய்தான். மண்டபத்து வாசலில் பெரிய திரை வைத்து, மேலே ட்ரோன் கேமராவையும் பறக்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பின்போது கூட்டம் முழுவதையும் மேலிருந்து எடுத்துத் திரையில் காட்டினார்கள். கன்னங்கரேல் என்று தலைகளாகத் தெரிந்த கூட்டத்துக்கு நடுவில், பளபளவென்று ஒரு வட்டம்.

"அதாருங்க அது, மண்டைல ஹெலிபேடு போட்டுட்டு நிக்கறது?" என்று மச்சினன் சத்தமாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினேன். திரையில் அந்த வட்டத்துக்காரனும் கையைத் தூக்கினான்.

என் மனைவிதான் ரொம்ப நேரம் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியும் அடக்க முடியவில்லை. அதற்கு முந்தின வருடம் நான் வாங்கி வந்த மூலிகைத் தைலத்தை அவள் வாசல் கேட்டின் கீலுக்கு விட்டு, "இதுக்குத்தாங்க நல்லாக் கேக்குது" என்று சொல்லியிருந்தாள். ஆகவே இனி முடி விஷயமாக எதைச் செய்தாலும் அவளுக்குத் தெரியாமல் செய்வது என்று அந்த மண்டபத்து வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூனில், முடி வெட்டுகிறவர் என் உச்சியை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜிங்க் கொறஞ்சாலும் முடி கொட்டுமுங்க. மாத்திரை இருக்குது, போட்டுப் பாருங்க" என்றார். எனக்கு ஜிங்க் என்றால் வீட்டு ஆள் மாதிரி. ஜிங்க் குறைந்த கோழிக்கு இறகு ஒழுங்காக முளைக்காது என்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இறகுக்கு ஆகிறது மயிருக்கு ஆகாதா? கொரோனா காலத்தில் டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த அதே மாத்திரைதான். மருந்துக் கடையில் பெயரைச் சொன்னதும் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் நாளைக்கு ஒன்று போட்டேன். ஒரு மாதத்தில் சீப்பில் வருகிற முடி குறைந்த மாதிரி இருந்தது. தலையில் முடியே குறைந்துவிட்டால் சீப்பில் எங்கிருந்து வரும் என்று அப்போது தோன்றவில்லை. ஜிங்க் வேலை செய்கிறது என்று இரண்டாக்கினேன். பிறகு மூன்று. கோழிக்கு மில்லிகிராம் பிசகாமல் எடை போடுகிறவன், என் வாய்க்கு மட்டும் கை போன அளவுக்குப் போட்டுக்கொண்டேன். அட்டைகளைத் தீவன மில்லில் என் மேசை டிராயரில், பதிவேட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். தீவனத்தில் சேர்க்கிற கருவாட்டுத் தூளின் வாடைக்குப் பயந்து என் மனைவி அந்தப் பக்கமே வரமாட்டாள். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

மிக்சரின் தொட்டிக்கு ஏற இரும்புப் படி ஒன்று உண்டு. ஒரு நாள் நுண்சத்துப் பையோடு அதில் பாதி ஏறியிருப்பேன், தடதடவென்று அதிர்ந்தது. மிக்சரில் பேரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கிரீஸ் வைக்கச் சொன்னேன். வைத்தார். மறுநாளும் அதே சத்தம். அவரைத் திட்டினேன், மறுபடியும் வைத்தார். மூன்றாம் நாள் நான் படியில் நிற்கும்போதே கரண்ட் போனது. மிக்சர் நின்றது, மில் முழுவதும் அமைதி. தடதட மட்டும் நிற்கவில்லை. சட்டைக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். பேரிங் எனக்குத்தான் போயிருந்தது.

அதே வாரத்தில் ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்து வந்தேன். முட்டை பொறுக்கும் அக்கா எதிரில் வந்து, "அண்ணா, இன்னொரு செருப்பு எங்கீங்க?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. ஜல்லிக் கல்லின் மேல் அவ்வளவு தூரம் வெறும் காலோடு நடந்திருக்கிறேன், ஒன்றுமே உறைக்கவில்லை. மண்ணில் நடந்து நடந்து தோல் காய்த்துவிட்டது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் அகப்பட்டது ஒரு பூசணிக்காயால். உழவர் சந்தையிலிருந்து தூக்கி வந்தவன், மாடி வீட்டுக்கு ஏறுகிற வழியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி மேலே இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பூசணிக்காயக் கட்டிப் புடிச்சுட்டு எதுக்குங்க அங்க உக்காந்திருக்கறீங்க?"

"சும்மா புள்ள. காத்து வாங்கறேன்."

அவள் இறங்கி வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கேலியெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது. "ஒதடெல்லாம் வெளுத்துக் கெடக்குது. எந்திரிங்க, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்றாள்.

இதய டாக்டர் பொறுமைசாலி. ஈசிஜி எடுத்தார், எக்கோ எடுத்தார், ரத்தம் எடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஹார்ட்ல அடைப்பு மாதிரி எதுவும் தெரியலை. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மி. இருக்கிற கொஞ்ச ரத்தத்த வச்சு உடம்பு பூரா சப்ளை பண்ணணும்னா அது இப்படித்தான் ஓடும்" என்றார். அப்புறம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "தலவலின்னாக்கூட மாத்திரை போட மாட்டாருங்க டாக்டர். அந்த விசயத்துல ரொம்பக் கட்டுப்பாடு." இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னை அடுத்தவர் முன்னால் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை எப்படிக் கெடுப்பது? தலையை ஆட்டினேன். டாக்டர் 'இல்லை' என்று எழுதினார்.

இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். வீட்டில் மனைவி தனியாக ஒரு வைத்தியம் தொடங்கினாள். காலையில் பேரீச்சம்பழம், மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் பீட்ரூட் சாறு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலும், சுவரொட்டி என்கிற மண்ணீரலும். பீட்ரூட் குடித்த மறுநாள் காலை கழிப்பறையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, நெஞ்சு வெடித்துக் கீழே இறங்கிவிட்டது என்று அலறினேன். அவள் வெளியே நின்றபடி, "அது பீட்ரூட்டுங்க, கதவத் தொறங்க" என்றாள். பண்ணைக்குப் போனால் டிராயரைத் திறந்து என் மூன்று மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டேன். ரத்தம் சீக்கிரம் ஏறட்டும், சத்துதானே என்று நான்காவதாக ஒன்றும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் ஒரு துளி ஏறவில்லை. வெள்ளணுவும் குறைந்திருந்தது. இதயம் முன்னைவிடக் கண்டபடி தாளம் போட்டது. டாக்டரின் நெற்றி சுருங்கியது. உள்ளே எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சேலத்துக்கு அனுப்பினார். அங்கே வாய் வழியாக ஒரு குழாய், இன்னொரு வழியாக இன்னொரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்தது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மல்லூர் தாண்டியதும் என் முழுக்கைச் சட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் விடவில்லை. அப்போதுகூட நான் ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். மனைவியிடம் நான் மறைத்தது முடி விஷயத்தைத்தான், நோய் விஷயத்தை இல்லை. அது ஒரு மருந்து என்பதே என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் பண்ணைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால்நடை டாக்டர் வருவார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், ரப்பர் பூட்சோடு ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். அந்த வாரம் நாலாம் நம்பர் ஷெட்டில் முட்டை ஓடு மெலிந்து உடைந்துகொண்டிருந்தது. என் கலவையில் தப்பு இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"பதினேழு வருசத்துல ஒரு கிராம் பிசகினதில்லைங்க மேடம்" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினேன்.

"தப்புன்னு சொல்லலண்ணா. பதிவேட்ட ஒரு தடவை பாத்துடறேன். டிராயர்லதானே இருக்கு?"

பாதிப் படியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கலாம் என்று திரும்பினால் நெஞ்சு தடதடவென்று பிடித்துக்கொண்டது. 'வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்' என்று கத்த நினைத்தேன். மூச்சு வாங்கியதில் வெறும் காற்றுதான் வந்தது. படியிலேயே உட்கார்ந்து, கீழே அவர் டிராயரை இழுப்பதையும், பதிவேட்டை எடுப்பதையும், அதற்கு அடியில் பார்ப்பதையும் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு அட்டைகள் ஐந்தாறு, காலி அட்டைகள் ஒரு குவியல்.

"அண்ணா, இது யாருக்கு?"

"கோழிக்குங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"இத்தனை ஆயிரம் கோழிக்கு அட்டையில மாத்திரையா?"

மெதுவாக இறங்கி வந்தேன். "எனக்குத்தாங்க மேடம்."

"எதுக்கு?"

குனிந்து உச்சியைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

"நாளைக்கு எத்தனை போடறீங்க?"

"மூணு. இப்ப நாலுங்க."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சோள மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "சரி. ஒண்ணு கேக்கறேன், வேலை விஷயமா நெனச்சு பதில் சொல்லுங்க. நம்ம தீவனத்துல ஜிங்க் பல மடங்கு ஏறிப்போச்சுன்னு வைங்க. அதையே மாசக்கணக்கா போட்டுட்டே இருக்கோம். என்ன ஆகும்?"

இது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். "காப்பர் உடம்புல ஏறாதுங்க மேடம். ஜிங்க் கொடல்லயே அத மறிச்சுப்போடும்."

"காப்பர் ஏறலைன்னா?"

"இரும்பு இருந்தும் பிரயோசனமில்லைங்க, ரத்தமா மாறாது. கோழி வெளுத்துப் போகும். மேல் மூச்சு வாங்கும். காலு தள்ளாடும். நெஞ்சு..."

அங்கே நிறுத்தினேன். மிக்சர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நெஞ்சு?" என்றார் அவர்.

"நெஞ்சுத் தசையும் ரத்தக்கொழாயும் பலமில்லாமப் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, நானும் அந்த மூட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "செருப்பு கழண்டது தெரியாம நடந்தீங்கன்னு முட்டை பொறுக்கற அக்கா சொல்லிச் சிரிச்சாங்க. அது சிரிக்கிற விஷயம் இல்லண்ணா, நரம்பும் அடிபட்டிருக்கு போல" என்றார். பிறகு எழுந்து நின்று, "நான் கோழிக்குத்தான் டாக்டர். உங்களுக்கு ஒரு மாத்திரைகூட நான் எழுதக் கூடாது. என் யூகம் தப்பாக்கூட இருக்கலாம். காப்பருக்கு ரத்த டெஸ்ட் இருக்கு, பாத்தாத் தெரிஞ்சுடும். இந்த அட்டைய எடுத்துட்டு இன்னைக்கே உங்க டாக்டரப் பாருங்க. மொதல்ல வீட்ல சொல்லுங்க" என்றார்.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடறேனுங்க. வீட்ல மட்டும்..."

"வீட்ல சொல்லுங்கண்ணா."

ஷெட்டில் ஓடு மெலிந்ததற்குக் காரணம், புதிதாக வந்த சுண்ணாம்புக் கல் குறுணையாக இல்லாமல் மாவாக நொறுங்கி, கோழி வயிற்றில் தங்காமல் போனதுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் கலவையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடுகிற நிலைமையில் நான் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மனைவி மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"இதென்னுங்க?"

"ஜிங்க்கு மாத்திரை."

"எதுக்குங்க?"

"முடிக்கு."

அவள் என் தலையை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், எட்டி உச்சியையும் பார்த்தாள். "எங்கீங்க முடி?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ராசிபுரம், சலூன், டிராயர், கோழி டாக்டர், ஒன்று விடவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. "கறிக்கடைக்காரரு என்னையத் தூரத்துல பாத்தாலே ஈரலத் தனியா எடுத்து வெக்கறாரு. மூணு மாசமா முருங்கைக்கீரை உருவி உருவி என்ற வெரலெல்லாம் பச்சை. நீங்க பாட்டுக்கு அங்க உக்காந்து அதுக்கெல்லாம் பூட்டுப் போட்டுட்டு இருந்திருக்கறீங்க! சேலத்துல அந்தக் கொழாய உட்டப்பக்கூட வாயத் தொறந்து சொல்லலீங்களே நீங்க?"

"கொழாய் வாய்லதான் இருந்துச்சு புள்ள."

ஃபைலாலேயே என் தோளில் ஒரு போடு போட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அடித்த கையோடு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்தினாள். எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் அதே நிலையில்தான் உள்ளே போனோம்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு அன்னைக்கே கேட்டேனா இல்லையா?"

"மாத்திரைன்னு நெனைக்கலீங்க டாக்டர். சத்துன்னு நெனச்சேன்."

"உப்பும் உடம்புக்கு வேணும்தான். ஒரு படி உப்பு சாப்பிடுவீங்களா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நானும் சத்து மாத்திரை, பவுடர், லேகியம்னு பிரிச்சுக் கேட்டிருக்கணும்" என்று சொல்லி, பரிசோதனைக்கு எழுதினார். சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு சில நாளில் வந்தது. காப்பர் அடிமட்டத்தில் இருந்தது, ஜிங்க் அளவுக்கு மீறி இருந்தது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வேண்டியதில்லை என்று ஆனது. ஜிங்க்கை அன்றைக்கே நிறுத்தச் சொல்லி, காப்பரை எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து எழுதிக் கொடுத்தார்.

"யாரு இதக் கண்டுபுடிச்சது?" என்று கேட்டார்.

"எங்க பண்ணைக் கோழி டாக்டருங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் பாராட்டினேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். அதில் கோபமில்லை.

செய்தி ராசிபுரத்துக்குப் போனதும் மச்சினன் வந்து இறங்கினான். ஒரு கையில் செம்புக் குடம், மறு கையில் செம்புக் காப்பு. "மச்சான், இனி இதுலதான் தண்ணி குடிக்கோணும், இதத்தான் மாட்டிக்கோணும்" என்றான். டாக்டர் கொடுத்த அளவே போதும், நாமாக எதையும் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று நான் பிரசங்கம் செய்தேன். மனைவி அடுப்படியிலிருந்து, "யாரு பேசறது பாருங்க" என்றாள். மச்சினனுக்குக் குடத்தைவிட வேறொரு கவலை. "கோழி டாக்டரு வைத்தியம்னு சொல்றீங்க. அப்ப ஊசி எங்கீங்க போட்டாங்க, றெக்கைக்கு அடியிலயா?" என்று கேட்டு அவனே சிரித்துக்கொண்டான். அந்தக் குடத்தில் இப்போது மணி பிளான்ட் வளர்கிறது.

ஐந்தாறு வாரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. அப்புறம் மூச்சு வாங்குவது குறைந்தது. இரண்டு மாதத்தில் ரத்தம் ஒழுங்கான அளவுக்கு வந்து, இதயம் தன் வேலையை அமைதியாகச் செய்ய ஆரம்பித்தது. இடது காலின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. நரம்பு மெதுவாகத்தான் தேறும், சில சமயம் முழுக்கத் தேறாமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பாராட்டைச் சொல்ல கோழி டாக்டரிடம் போனபோது, அவர் மேசையில் ஒரு செத்த கோழியை அறுத்து வைத்துக்கொண்டு மும்முரமாக இருந்தார். சொன்னதைக் கேட்டுக் காது வரை சிவந்துபோனார். கையுறையைக் கழற்றியபடி, "அண்ணா, உங்களுக்கு மட்டும் சொல்றேன். நானும் முடிக்குன்னு ஒரு வைட்டமின் மாத்திரை போட்டுட்டு இருந்தேன். அன்னைக்கு உங்க டிராயரப் பாத்துட்டுப் போய் டாக்டர்கிட்டக் கேட்டு நிறுத்திட்டேன்" என்றார். நானும் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். பல மாதமாக அப்படிப் படுத்தால் தலையணைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி கேட்கும், உடனே புரண்டுவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"சத்தமே இல்ல புள்ள."

அவள் என் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "ஓடுது, ஓடுது. படுங்க" என்று சொல்லிவிட்டு, கழுவ வேண்டிய பாத்திரம் இருப்பதாக எழுந்து போனாள்.